ஒரு முழம் துரு

எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு அந்தப் பிக்கப் வந்து சேர்ந்தபோது அதற்கு இரண்டு சக்கரம்தான் இருந்தது. முன்பக்கத்தை டிராக்டரில் தூக்கிக் கட்டி இழுத்து வந்தார்கள். கதவுக்குள் புல் முளைத்திருந்தது. டிரைவர் உட்காரும் இடத்தில் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். நான் பிறப்பதற்கு முன்னால் தோட்டத்துக்கு வாங்கிய வண்டி என்று என் கணவர் சொன்னார். உரமூட்டை ஏற்றி, ரப்பர் பால் டின் ஏற்றி, பிள்ளை பெறப் போகிறவர்களைக்கூட ஏற்றி ஓடிய வண்டி. ஒரு நாள் ஸ்டோருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

மேனேஜர் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தார். என் கணவர் போய்க் கேட்டதும், எடுத்துக்கொள் என்று சொல்லி, ஆபீஸ் அலமாரியில் கிடந்த கெரானையும் தேடிக் கொடுத்துவிட்டார். வண்டியின் உரிமைப் பத்திரத்தை நாங்கள் கெரான் என்போம். அதில் இந்தத் தோட்டத்தை முன்பு நடத்திய கம்பெனியின் பெயர் இருந்தது. இன்றைக்கு அந்தக் கம்பெனி இல்லை.

அதை அவர் ஏன் கேட்டு வாங்கினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் முப்பது வருடம் தோட்டத்துப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகும் பட்டறை இருந்தது. டிராக்டர் வேலைகளை வெளிக் குத்தகைக்காரரிடம் கொடுத்தபோதுதான் அது தேவைப்படாமல் போனது. கதவைப் பூட்டி, இவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கடிதம் கொடுத்தார்கள். அந்த மூவரும் வேறு வேலைக்குப் போனார்கள். இவர் போகவில்லை. விடிந்ததும் பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுப் படியில் உட்காருவார். நான் வேலை முடிந்து வரும்போதும் அங்கேயே இருப்பார். மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடி இருக்கும். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், சாப்பிடவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

ஒரு நாள் புல்லுக்கு அடிக்கிற மருந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த டின்னை அப்படி மடியில் வைத்திருந்தால் எதற்கு என்று தெரியும். நான் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு மலாய் டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். மாத்திரை கொடுத்தார். கடைசியில், மனசு லேசாகிற மாதிரி கைவேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்படாமல் தினமும் கொஞ்சம் செய்யுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார், "டாக்டர் எனக்கு ஹோபி எழுதிக் குடுத்திருக்காங்க. எந்த பார்மசியில கிடைக்கும்னு தெரியல."

பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அதுதான். நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். அடுத்த வாரம் பிக்கப் வந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிவம் மூன்றோடு நான் நின்றுவிட்டேன். ரந்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. நான்கு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் வராது. மாதா கோயிலில்கூடப் பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன். ஞாயிறு பூசைக்கு நான் உட்காருவது கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். கட்டிய புருசனிடம்கூட, வேண்டும் என்பதை வேண்டும் என்று கேட்டதில்லை. ஏதாவது ஒன்றை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். அவராகப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் குடும்பம் நடந்தது.

பிக்கப்பை வைத்துக்கொள்ள அவர் பின்பக்கம் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். முதல் மூன்று மாதம் எதையும் பூட்டவில்லை, கழற்றவே செய்தார். ஒவ்வொரு போல்ட்டையும் டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் மெதுவாகத் திருகுவார். வராவிட்டால் விட்டுவிட்டு, அதற்கு அடுத்த நாள் திருகுவார். கழன்றவற்றை பிஸ்கட் டின்களில் போட்டு, டின்மேல் எந்த இடத்துச் சாமான் என்று சுண்ணக்கட்டியால் எழுதுவார். பட்டறையில் இருந்த காலத்தில் எல்லாம் அவசரம். காலையில் கெட்ட டிராக்டர் மத்தியானம் காய் ஏற்ற வேண்டும். அவசரமே இல்லாமல் ஒரு வண்டியைத் தொடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

நான் வேலை முடிந்து வந்து, குளித்து, சோறு வைத்துவிட்டு அந்தக் கொட்டகையில் போய் நிற்பேன். ஒரு நாள் மணல்தாளை என் கையில் கொடுத்தார். கதவைத் தேய்க்கச் சொன்னார். தண்ணீர் தொட்டு, வட்டமாக, அழுத்தாமல். மேலே இருந்த பச்சை போனதும் அடியில் சாம்பல் நிறம் வந்தது. அதற்கு அடியில் வெளிர் மஞ்சள். ஒவ்வொரு நிறமும் எந்த மேனேஜர் காலத்தில் அடித்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சளுக்கு அடியில் தகரம் இருக்கும் என்று பார்த்தால், கதவின் கீழ்ப்பாகத்தில் தகரமே இல்லை. யாரோ பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம பட்டறை வேலைதான். நானே செஞ்சிருப்பேன்" என்றார். அழுகிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகரம் வளைத்துப் பற்றவைத்தார்.

கை வேலையில் இருக்கும்போது மனிதருக்கு வாய் திறக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் பார்க்கத் தேவையில்லை. அவர் ஒரு கதவு, நான் ஒரு கதவு. தன் அப்பா குடித்துவிட்டுத் தன்னை அடித்ததைச் சொன்னார். பட்டறையைப் பூட்டிய அன்று சாவியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொன்னார். மருந்து டின்னைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார். "அன்னிக்கு என் கை என் பேச்சக் கேக்கல" என்றார். நான் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டில் லோரி ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். இவரை அண்ணே என்பார், என்னை அக்கா என்பார். சாயங்காலம் கோப்பி குடிக்க எங்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு வம்பிழுப்பார்.

"அண்ணே, இது ஓடுறதுக்குள்ள செம்பனைய எல்லாம் வெட்டிட்டு மறுபடி ரப்பர் நட்டுருவான் லா."

"நட்டா நல்லதுதான்டா. பால் ஏத்த வண்டி ரெடியா இருக்கும்ல."

"அக்கா, பேசாம இந்த வண்டிக்கே இவரு தாலி கட்டியிருக்கலாம்."

அவர்தான் ஒரு நாள், முதலில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு வேலை செய்யலாமே என்றார். பெயர் மாற்ற வேண்டுமானால் பரிசோதனை மையத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்தக் கோலத்தில் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஓடுகிற வண்டியாகக் கொண்டுபோகலாம் என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

ஒரு வருடம் போனது. கேபினையும் பின்தொட்டியையும் சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கி இறக்கி வைத்தோம். அடியில் சேசிஸ் மட்டும் இரண்டு நீள இரும்பாக நின்றது. அதிலிருந்த துருவை கிரைண்டர் போட்டு எடுத்து, மூன்று கோட்டு கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும். இடது பக்கத்தை அவர் முடித்தார். வலது பக்கத்திலும் பின்னாலிருந்து தொடங்கி முன்சக்கரத்துக்குக் கிட்டே வரை முடித்துவிட்டார். ஒரு முழம்தான் மிச்சம். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ராசாவில் இருக்கிறாள். அவளே வந்து அப்பாவைக் கூட்டிப்போனாள். இரண்டு நாள் தன் வீட்டில் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றாள்.

பள்ளி விடுமுறைக் காலம் அது. வீட்டில் நான் மட்டும். சோறும் ஒரு ஆளுக்குத்தான். காலையில் கொட்டகைக்குப் போய் அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரும்போது அது முடிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவர் வந்து பார்த்து, யார் செய்தது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பழைய கிரீஸ் அப்பியிருந்தது. மண்ணும் புகையும் ஏறி, கறுத்து, தார் மாதிரி இறுகிப் போயிருந்தது. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அதுதான் என் பிழைப்பு. பட்டி பூசுகிற தகட்டை எடுத்துச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன். அடியில் மற்ற இடங்களைப் போலவே சொரசொரப்பாக, குழி குழியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் தரை தேய்க்கிற மெஷினைப் பிடிக்கிறவள் நான். கிரைண்டரைக் கண்டு பயம் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, அவர் செய்வதைப் போலவே, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னுமாக இழுத்தேன். பத்து நிமிடத்தில் இரும்பு வெள்ளி மாதிரி வந்துவிட்டது. ஒரு குழிகூட இல்லை. நான் அதைக் கையால் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டதை இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகு பெயிண்ட் அடித்தேன், மூன்று கோட்டு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய வண்டிகளில் சேசிஸ் நம்பரை அந்த இரும்பிலேயே, வலது பக்கம் முன்சக்கரத்துக்குக் கிட்டே அடித்திருப்பார்கள். துரு தின்றுவிடக் கூடாது என்று அதன் மேல் கிரீஸை அப்பி, மண்ணைத் தூவி, கட்டி தட்ட விட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அழுக்கு மாதிரி இருக்கும். பட்டறையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், அதனால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மணல்தாள் தேய்த்தேன். எதை எதையோ பேசினோம். அதைப் பேசவில்லை.

அவர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். மாத்திரையை மாற்றியிருந்தார்கள். முதல் பத்து நாள் தூக்கக் கலக்கமாகவே இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று மகள் சொன்னாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டேனா என்று கேட்டார். மூன்றாம் நாள்தான் கொட்டகைக்கு வந்தார். நான் கோப்பியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் வலது பக்க இரும்பைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முடிச்சிட்டுத்தான் போயிருக்கேன் போல" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். ஆனால் அவர் முகத்தில், தன் வேலையைப் பார்த்த திருப்தி இருந்தது. அதைப் பிடுங்க மனம் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கோபம். நான் செய்தது அவருக்குத் தெரியவில்லையே என்ற கோபம். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று கோப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. கேபினை ஏற்றினோம். தொட்டிக்குப் பலகை போட்டார். மஞ்சள் நிறமே அடித்தார். மேலே மேலே பூசியிருந்த நிறங்களுக்கு அடியில் கிடந்த அதே வெளிர் மஞ்சள். இஞ்சின் பிடித்த நாளில் லோரிக்காரத் தம்பியும் இருந்தார். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாம் தடவை பிடித்தது. என் புருசன் என்னை ஏறச் சொன்னார். தோட்டத்துச் செம்மண் சடக்கில், லயத்திலிருந்து பழைய பட்டறை வரை போய்த் திரும்பினோம். பட்டறை வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தினார். இறங்கவில்லை. வரும் வழியில் ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டினார். பெயர் மாற்றி, சாலை வரி கட்டி ரோட்டெக்ஸ் எடுத்து, மகளைப் பார்க்க ராசாவுக்கு இந்த வண்டியிலேயே போகலாம் என்றார். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்தேன் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் அந்தச் சடக்கைத்தான் காட்டுவேன்.

பரிசோதனைக்குத் தம்பியின் லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நானும் போனேன். பிரேக் பார்த்தார்கள், விளக்கு பார்த்தார்கள். இஞ்சின் நம்பரைப் பார்த்து கெரானோடு ஒத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அதிகாரி இளவயது மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். வண்டியை அழகாகச் செய்திருக்கிறீர்கள் பாக்சிக் என்று மாமா முறை வைத்துப் பாராட்டினார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வலது சக்கரத்துக்கு உள்ளே பார்த்தார். சேசிஸ் நம்பர் எங்கே என்று கேட்டார்.

பெயிண்டுக்கு அடியில் இருக்கும், துடைத்தால் தெரியும் என்று இவர் மலாயில் சொன்னார். தின்னரும் துணியும் கையோடு கொண்டுவந்திருந்தார். தரையில் மண்டியிட்டுத் துடைத்தார். கறுப்பு போய் இரும்பு தெரிந்தது. வெள்ளையாக, வழவழவென்று, நான் தடவிப் பார்த்த அதே இரும்பு. அவர் இன்னும் கொஞ்சம் தள்ளித் துடைத்தார். இந்தப் பக்கம் துடைத்தார். திரும்ப முதலிலிருந்து துடைத்தார். கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

நம்பர் இல்லாத வண்டியைப் பதிய முடியாது என்று அதிகாரி சொன்னார். திருட்டு வண்டிகளில்தான் இப்படி அழிப்பார்கள், உங்களை அப்படிச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். தம்பி கெஞ்சினார். போலீஸ் ரிப்போர்ட்டும், கெரானில் பெயர் இருக்கிற கம்பெனியின் கடிதமும் கொண்டுவந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னார். இல்லாத கம்பெனியிடம் எப்படிக் கடிதம் வாங்குவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இவர் மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நானும் தம்பியும்தான் தூக்கி நிறுத்தினோம்.

திரும்பி வரும்போது லோரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். கிரீஸ் கட்டியைப் பற்றி அவர் அப்போதுதான் சொன்னார். எந்த வண்டியிலும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன், கிரீஸ் இருக்கிறதா என்று, இதிலும் வந்த அன்றே பார்த்தேன், இருந்தது என்றார்.

"முப்பது வருசம். எத்தன வண்டி. ஒரு வண்டி நம்பர் என் கையில கெட்டதில்ல" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நானே சொரண்டி, நானே தேச்சு, நானே பெயிண்ட் அடிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றார்.

தம்பி சடக்கைப் பார்த்தபடி, "விடுங்கண்ணே, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். என் புருசனுடைய தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

வண்டி போனது அவரைக் கெடுக்கவில்லை. தன் கையை நம்ப முடியாமல் போனதுதான் கெடுத்தது. அடுத்த வாரமே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அணைந்திருக்கிறதா பார் என்பார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், பிறகு என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்வார். எனக்கு மூளை கெட்டுக்கொண்டு வருகிறது என்று மகளிடம் போனில் சொன்னார். அவள் பயந்துபோய் டாக்டரிடம் சொல்ல, மறுபடி மாத்திரையை மாற்றினார்கள். கடிதத்துக்காகத் தம்பி இரண்டு மூன்று ஆபீசுக்கு அலைந்தார். இவரும் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டிய நாளில் இவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தம்பியும் பிறகு விட்டுவிட்டார்.

இவ்வளவுக்கும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தப்பு. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் இரண்டு தப்பு. அவர் படுத்துவிட்ட பிறகு சொன்னால் எத்தனை தப்பு என்று எனக்குக் கணக்கே தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வீட்டில் போய்ச் சொல்லுங்கள் அம்மா என்றார். கோயிலிலிருந்து வீட்டுக்கு வருகிற வரை தைரியமாக இருந்தேன். வாசலில் அது போய்விட்டது.

பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிவிடு என்று ஒரு நாள் காலை அவரே சொன்னார். ஆள் மறுநாள் வருவதாகச் சொன்னான். அன்று மத்தியானம் சாப்பாட்டின் முன்னால் அவரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்த நம்பர நான்தாங்க அழிச்சேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நீங்க ராசாவுக்குப் போயிருந்தப்ப. மிச்சம் இருந்தத நான்தான் கிரைண்டர் போட்டு எடுத்தேன். நீங்க இல்ல. உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகல."

அடிப்பார், கத்துவார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நீ இப்படி என்னமாச்சும் சொல்லுவேன்னு எதிர்பார்த்தேன் புள்ள."

"நெசமாத்தாங்க. கறுப்பா கட்டியா இருந்துச்சு. பட்டித் தகட்டால சொரண்டினேன்."

"அது நான் லோரியில வரும்போது சொன்னதுதானே."

"மூணு கோட்டு அடிச்சேன்."

"நான்தான் எப்பவும் மூணு கோட்டு அடிப்பேன்."

அதற்கு மேல் என்னிடம் சாட்சி இல்லை. பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவர் செய்வதைப் போலவே செய்ய வேண்டும் என்று கவனமாகச் செய்திருந்தேன். அது அவருடைய வேலையாகவே இருந்தது. வந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபமாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நின்றேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"வேணாம் புள்ள. என் தப்ப நீ ஏன் சொமக்கிற" என்று சொல்லி என் தலையில் கையை வைத்தார். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டார். எனக்காகச் சாப்பிட்டார்.

மறுநாள் இரும்புக்காரர்கள் கொட்டகையிலேயே வைத்து வெட்டினார்கள். முழுதாகத் தூக்கினால் லோரி கொள்ளாது என்றார்கள். அவர் முன்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தார். வெட்டுகிற சத்தம் நின்றதும், எல்லாம் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன்.

மகளிடமும் சொன்னேன். போனில் சொல்லாமல், ராசாவுக்கு பஸ் ஏறிப் போய் நேரில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, அப்பா ஏற்கெனவே சொன்னாரும்மா, நீங்க இப்படிச் சொல்றீங்கன்னு. அவருக்காகன்னு எனக்குப் புரியுது. ஆனா அவர ரொம்பக் கொழப்பாதீங்க, டாக்டர் சொல்லிருக்காங்க" என்றாள். லோரிக்காரத் தம்பியிடம் சொல்லத் தொடங்கினேன். "தெரியும்கா, அண்ணே சொன்னாரு, நீங்க நல்லவங்க" என்று முடித்துவிட்டார். கோயிலில் இரண்டு பெண்கள் வந்து, புருசனை இப்படித் தாங்குகிறவள் உன்னைப் போல் யாரும் இல்லை என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதை எழுதினால் யாராவது நம்புவார்களா என்று தெரியவில்லை. நடந்தது இதுதான்.

இப்போது அவர் எந்த வேலையும் செய்வதில்லை. டாக்டரம்மா ஹோபியைப் பற்றிக் கேட்டால், முடிந்துவிட்டது என்கிறார். கொட்டகைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்கிறது, அதை ஆணி அடிக்கக்கூட அவர் போவதில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை எல்லாம் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். இன்று காலையும் தண்ணீர்த் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், மாத்திரை போட்டேனா என்று. போட்டீர்கள் என்றேன். நீ சொன்னால் சரிதான் என்று சொல்லித் தம்ளரைக் கீழே வைத்தார்.